கடல் கடந்து வந்த விளையாட்டுப் பெட்டி

தொண்ணூறுகளின் கடைசியில் கொழும்பின் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ வளர்ந்தவர்களுக்கு இந்தக் கதை தெரிந்திருக்கும். லண்டனில் இருந்து மாமா கொண்டுவந்த பிளேஸ்டேஷன், பிளக்கைக் குத்தியதும் வேலை செய்யும். கனடாவில் இருந்து சித்தப்பா கொண்டுவந்தது 'டப்' என்ற சத்தத்தோடும் கருகிய மணத்தோடும் அந்த இடத்திலேயே முடிந்துவிடும். இரண்டும் சோனியின் அதே சாம்பல் நிறப் பெட்டிதான். சித்தப்பா மலிவுக்கு எதையோ வாங்கிவிட்டார் என்று வீட்டில் கதைப்பார்கள். பாவம், அவர் வாங்கியது நல்ல சாமான்தான். ஆனால் அது கனடாவுக்கென்று செய்யப்பட்டது.

இலங்கையில் வீட்டுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹேட்ஸ். கனடாவில் 120 வோல்ட், 60 ஹேட்ஸ். ஜப்பானில் 100 வோல்ட். ஆடலோட்ட மின்சாரத்தில் அலையின் உச்சி, நாம் சொல்லும் வோல்ட் அளவைவிட 1.414 மடங்கு உயரமானது. ஆகவே 120 வோல்ட் என்பது உச்சியில் 170ஐத் தொடும். 230 வோல்ட் என்பது 325ஐத் தொடும். பெட்டிக்குள் நுழைந்ததும் மின்சாரம் நேரோட்டமாக மாற்றப்பட்டு, தடித்த ஒரு கொள்ளளவியில் சேமிக்கப்படுகிறது. வட அமெரிக்காவுக்கென்று செய்த பலகைகளில் அந்தக் கொள்ளளவி பெரும்பாலும் 200 வோல்ட் தாங்கக்கூடியது. 170க்கு அது தாராளம். 325 வந்து மோதினால் உள்ளேயிருக்கும் மெல்லிய ஒட்சைட்டுப் படலம் உடைந்து, மின்பகுபொருள் கொதித்து, மூடி பிளந்துவிடும். வீட்டார் கேட்ட சத்தம் அதுதான்.

இதற்கு இரண்டு வழிகள் இருந்தன. புறக்கோட்டையில் வாங்கக்கூடிய, கையில் தூக்கினாலே பாரம் தெரியும் ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்போமர் ஒன்று. அல்லது பெட்டியைத் திறந்து, மின்வழங்கிப் பலகையைக் கழற்றி, ஐரோப்பியப் பெட்டியின் பலகையை அங்கே பொருத்துவது. முதலாவது வழியில் பெட்டி வெளிநாட்டுப் பெட்டியாகவே இருக்கும். இரண்டாவது வழியில் அது கொழும்புப் பெட்டியாகிவிடும். கேம் கருவிகளை மாற்றியமைப்பது என்றாலே மின்னும் விளக்கும் வண்ண மூடியும்தான் பலருக்கு நினைவுக்கு வருகின்றன. எங்கள் ஊரில் அந்தக் கலை பிறந்தது அலங்காரத்துக்காக அல்ல. ஒவ்வொரு கேம் பெட்டியும் ஓர் ஊரை மனதில் வைத்தே வடிவமைக்கப்படுகிறது: அந்த ஊரின் மின்சாரம், தொலைக்காட்சி, காற்று, சந்தை. வேறோர் ஊருக்குப் போனால், அந்த ஊரில் இருக்கும் யாராவது ஒருவர் அதைத் திறந்துதான் ஆகவேண்டும்.

மின்சாரச் சிக்கலைத் தீர்த்தாலும் திரையில் அடுத்த சிக்கல் காத்திருந்தது. இலங்கையின் தொலைக்காட்சி ஒளிபரப்பு பால் (PAL) முறையில் அமைந்தது: 625 வரிகள், நொடிக்கு 50 தடவை திரை புதுப்பிக்கப்படும், நிறத்தைச் சுமந்துவரும் அலை 4.43 மெகாஹேட்ஸ். வட அமெரிக்காவும் ஜப்பானும் பயன்படுத்தியது என்டிஎஸ்சி முறை: 525 வரிகள், ஏறக்குறைய 60 தடவை, நிற அலை 3.58 மெகாஹேட்ஸ். பால் முறைக்கு மட்டும் பழகிய பழைய டீவி, 3.58இல் வரும் நிறத்தைத் தேடிக் கண்டுபிடிக்காது. படம் வரும், கறுப்பு வெள்ளையில். ரொரன்ரோவில் வண்ணமாக ஓடிய கேம் வெள்ளவத்தையில் நிறமிழந்ததற்குக் காரணம் இவ்வளவுதான்.

ஐரோப்பாவில் இருந்து வந்த பெட்டிகள் நிறம் காட்டின. ஆனால் அவற்றில் பலருக்குத் தெரியாமலே ஒரு குறை இருந்தது. அக்காலக் கேம்களில் பல, திரை ஒருமுறை புதுப்பிக்கப்படும்போது கதையை ஓர் அடி நகர்த்தும்படி எழுதப்பட்டவை. நொடிக்கு 60 அடி என்று ஜப்பானில் எழுதிய கேம், 50 ஹேட்ஸ் பெட்டியில் 50 அடிதான் எடுத்துவைக்கும். ஏறக்குறைய 17 சதவீதம் மெதுவாகிவிடும்; பாட்டும் சேர்ந்து இழுபடும். 1991இல் வெளியான சொனிக் கேமை ஐரோப்பிய மெகா டிரைவில் ஆடியவர்கள், ஓட்டத்துக்குப் பேர்போன அந்த நீல முள்ளெலியைக் குறைந்த வேகத்தில்தான் பார்த்தார்கள்.

இதைச் சரிசெய்ய வந்த மாற்றம் எனக்கு மிகவும் பிடித்தமானது, அத்தனை எளிமை. மெகா டிரைவின் தாய்ப்பலகையில், படத்தை உருவாக்கும் சிப்புக்குப் போகும் ஒரு செப்புக் கோடு இருக்கிறது. அதில் 5 வோல்ட் இருக்கிறதா, 0 வோல்ட் இருக்கிறதா என்று பார்த்தே சிப் தான் எந்த நாட்டில் இருப்பதாக முடிவுசெய்கிறது. அந்தக் கோட்டை பிளேட்டால் அறுத்து, இரண்டு வயர்களை ஈயம் வைத்து ஒட்டி, சிறிய சுவிட்ச் ஒன்றைப் பெட்டியின் பின்புறம் பொருத்தினால் போதும். தட்டினால் 50, மறுபக்கம் தட்டினால் 60. பல முறைகளையும் ஏற்கும் டீவி வீட்டில் இருந்தால் கேம் பிறந்த வேகத்திலேயே ஓடும். தயாரித்தவர்கள் ஏறக்குறைய ஒரே பலகையை எல்லா நாடுகளுக்கும் செய்து, இப்படிச் சில சிறு மாற்றங்களால் மட்டும் பிரித்து அனுப்பியிருந்தார்கள்.

வோல்ட்டும் ஹேட்ஸும் நாடுகள் தம் மின்சார வரலாற்றில் எடுத்த முடிவுகள். மூன்றாவது தடை அப்படிப்பட்டதல்ல, வேண்டுமென்றே எழுப்பப்பட்ட சுவர். முதல் பிளேஸ்டேஷன் 1994 டிசம்பரில் ஜப்பானில் வெளியானபோது, ஒவ்வொரு டிஸ்க்கிலும் தகவல் தொடங்குவதற்கு முன்னுள்ள பகுதியின் தடத்தில் மிகச் சிறிய நெளிவு ஒன்று அச்சிடப்பட்டிருந்தது. அந்த நெளிவில் நான்கு எழுத்துகள் மறைந்திருந்தன. ஜப்பானுக்கு ஒரு தொகுதி, அமெரிக்காவுக்கு ஒரு தொகுதி, ஐரோப்பாவுக்கு ஒரு தொகுதி. பெட்டி அந்த நான்கு எழுத்தைப் படித்து, தன் பிராந்தியத்தோடு பொருந்தினால்தான் கேமை ஓடவிடும். வீட்டுக் கணினியில் டிஸ்க் எழுதும் கருவியால் தகவலைப் பிரதி எடுக்கலாம், தடத்தை நெளிக்க முடியாது. மொட் சிப் என்று கடைகளில் சொன்ன பொருள், எட்டுக் கால் கொண்ட மலிவான ஒரு நுண்கட்டுப்படுத்திதான். பெட்டி எழுத்தைத் தேடும் கணத்தில் அது சரியான நான்கு எழுத்தை மின்துடிப்புகளாக அனுப்பிவிடும். பெட்டி திருப்தியடைந்து கதவைத் திறக்கும்.

இந்தச் சிப் இரண்டு வேலைகளைச் செய்தது, அதனால்தான் வழக்கு வந்தது. கனடாவில் காசு கொடுத்து வாங்கிய அசல் டிஸ்க்கை லண்டன் பெட்டியில் ஓடவைத்ததும் அதுதான். நடைபாதையில் விற்ற பிரதியை ஓடவைத்ததும் அதுதான். 2005இல் அவுஸ்திரேலிய உயர் நீதிமன்றம் ஸ்டீவன்ஸ் எதிர் சோனி வழக்கில் சிப் பொருத்தியவரின் பக்கம் தீர்ப்பளித்தது. அந்தப் பாதுகாப்பு முறை பிரதி எடுப்பதைத் தடுக்கவில்லை, எடுத்த பிரதியை ஆடுவதையே தடுத்தது என்பது தீர்ப்பின் சாரம். அடுத்த ஆண்டே அங்கே சட்டத்தைத் திருத்தினார்கள். இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரல்களையும் படைப்புகளாகவே பாதுகாக்கிறது. என் நிலைப்பாடு வெளிப்படையானது: ஒரு கேமை உருவாக்கியவரின் உழைப்பைப் பிரதிபண்ணி விற்பது களவு. நான் வாங்கிய பெட்டியை என் ஊரில் வேலை செய்யவைப்பது களவல்ல. இந்த இரண்டையும் ஒரே குற்றமாகப் பார்க்கும் சட்டம் எந்த நாட்டில் இருந்தாலும் அது திருத்தப்பட வேண்டியது.

சுவர் இன்னும் விழவில்லை. சோனியின் இணையச் சேவையில் கணக்குத் திறக்கும் நாடுகளின் பட்டியலில் இலங்கை இல்லாததால், இங்குள்ள பிள்ளைகள் வேறொரு நாட்டின் பெயரைத் தெரிந்தெடுத்தே நுழைந்துவந்திருக்கிறார்கள். 2024 மே மாதத்தில் ஹெல்டைவர்ஸ் 2 என்ற கேமை கணினியில் ஆடவும் அந்தக் கணக்கு கட்டாயம் என்று சோனி அறிவித்தபோது, சேவை இல்லாத 170க்கும் அதிகமான நாடுகளிலும் பிராந்தியங்களிலும் அது விற்பனையில் இருந்து நீக்கப்பட்டது. ஆட்டக்காரர்களின் எதிர்ப்பால் கட்டாயம் சில நாட்களில் கைவிடப்பட்டது.

காற்றுக்கு வருவோம். இதைப் பற்றி யாரும் அதிகம் எழுதுவதில்லை, ஆனால் கொழும்பில் கேம் கருவிகளைக் கொல்வதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. வெள்ளவத்தையில் மரைன் டிரைவ் பக்கம் குடியிருப்பவர்களுக்கு யன்னல் கம்பி எவ்வளவு சீக்கிரம் துருப்பிடிக்கும் என்று தெரியும். கடல் அலை உடையும்போது எழும் நுண்துளிகள் காற்றில் உலர்ந்து உப்புத் தூளாக வீட்டுக்குள் வருகின்றன. உலர்ந்த உப்பு அவ்வளவாகத் தீங்கு செய்யாது. ஆனால் காற்றின் சாரீரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு காற்றில் உள்ள நீராவியை உறிஞ்சித் தானே கரைந்து துளியாகிவிடும். கொழும்பில் அந்த எல்லையைத் தாண்டாத நாட்களே குறைவு. கடலுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைட்டு இன்னும் குறைந்த ஈரத்திலேயே கரையும். கேம் கார்ட்ரிட்ஜின் தொடுமுனைகளில் செம்பின் மேல் நிக்கலும் அதன் மேல் தங்கமும் பூசப்பட்டிருக்கும். தங்கப்பூச்சு பெரும்பாலும் ஒரு மைக்ரோமீற்றருக்கும் குறைவான தடிப்பு, அதில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. உப்புத் துளி ஒன்று துளைக்குள் இறங்கினால் தங்கமும் செம்பும் ஒரு சிறு மின்கலத்தின் இரு முனைகளாகிவிடும். செம்பு அரிக்கப்படும். ஓரத்தில் பச்சை படியும்.

அப்போது நாங்கள் எல்லோரும் செய்தது, கார்ட்ரிட்ஜை வாயால் ஊதுவது. ஊதியதும் வேலை செய்தது உண்மை. கழற்றி மறுபடி செருகும்போது தொடுமுனைகள் உரசிக்கொண்டதே அதற்குக் காரணம். வாயின் ஈரம் அரிப்பைக் கூட்டியது. அழிறப்பரால் தேய்ப்பதும் பரவலாக இருந்தது. அது பச்சையோடு சேர்த்துத் தங்கத்தையும் கொண்டுபோய்விடும். பார்மசியில் வாங்கும் ஐசோபுரொப்பைல் அற்ககோலைப் பஞ்சுக் குச்சியில் தொட்டு மெல்லத் துடைத்தாலே போதும்.

காற்று இன்றைய பிள்ளைகளுக்கும் வேலை வைக்கிறது. பப்ஜி, ஃப்ரீ ஃபயர் போன்றவற்றை மணிக்கணக்கில் ஆடும்போது போன் சூடேறி, தன்னைக் காத்துக்கொள்ளச் சிப்பின் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கேம் திணறும். இதற்காகப் போனின் முதுகில் கவ்வும் குளிர்விப்பான்கள் விற்பனைக்கு வந்திருக்கின்றன. மலிவானவற்றில் காற்றாடி மட்டும் இருக்கும். விலை கூடியவற்றில் பெல்ரியே தகடு இருக்கும். 1834இல் ஜோன் பெல்ரியே கண்டறிந்த விளைவின்படி, இரண்டு வகைக் குறைகடத்திகளின் சந்தியில் மின்னோட்டம் செல்லும்போது ஒரு பக்கம் குளிர்ந்து மறுபக்கம் சூடாகும். விளம்பரத்தில் தகட்டின் மேல் பனி படர்ந்திருப்பதைக் காட்டுவார்கள். வாங்குபவர்கள் கவனிக்க வேண்டியதே அதுதான். வெப்பநிலை 30 பாகை, சாரீரப்பதன் 75 சதவீதம் என்றால் பனிபடுநிலை ஏறக்குறைய 25 பாகை. தகடு அதற்குக் கீழே போனவுடன் போனின் முதுகில் நீர் படியத் தொடங்கும். குளிர்நாடு ஒன்றில் சூடாக்கிய அறைக்குள், 22 பாகையும் 40 சதவீத ஈரமும் இருக்கும்போது, பனிபடுநிலை 8 பாகைக்குப் பக்கத்தில்தான். அங்கே ஆபத்தில்லாத சாமான் இங்கே சார்ஜ் ஏற்றும் துளைக்குள் தண்ணீர் விடும். கொழும்புக்குக் காற்றாடியே போதும் என்பேன்.

மாற்றவே முடியாத ஒன்றும் உண்டு, தூரம். பல இணையக் கேம்களின் ஆசியச் சேர்வர்கள் சிங்கப்பூரில் வைக்கப்பட்டிருக்கின்றன. கொழும்பில் இருந்து நேர்கோட்டில் ஏறக்குறைய 2,700 கிலோமீற்றர். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 200,000 கிலோமீற்றர் வேகத்தில் போகும். போய்வர ஆகக் குறைந்தது 27 மில்லிசெக்கன். கடலடிக் கேபிள் வளைந்து செல்வதால் உண்மையில் இன்னும் கூடும். நொடிக்கு 60 படம் ஓடும் கேமில் ஒரு படத்தின் ஆயுள் 16.7 மில்லிசெக்கன். அதாவது எதிரியைச் சுட்ட செய்தி சேர்வருக்குப் போய்த் திரும்புமுன் ஒரு படம் முழுமையாகக் கடந்துவிடும். எவ்வளவு விலையான ரவுட்டர் வாங்கினாலும் இந்த 27 குறையாது.

கருவியைத் திறக்காமல் கேமையே ஊருக்கேற்ப மாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். மலேயோ நிறுவனம் 2017இல் வெளியிட்ட பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா என்ற மொபைல் கேமில், ஆடுபவர்கள் தங்கள் பஸ்ஸை உள்ளே கொண்டுவரலாம். இலங்கைப் பொடியன்கள் லங்கா அசோக் லேலண்ட் பஸ்களையும் இலங்கைப் போக்குவரத்துச் சபையின் சிவப்பு பஸ்களையும் அதில் ஓட்டுகிறார்கள். தமிழ்நாட்டிலும் கேரளாவிலும் தங்கள் ஊர் பஸ்களை. இந்தோனேசியாவிலும் வீதியின் இடப்பக்கமே வாகனம் ஓடுவதால், சாரதி இருக்கை முதல் எல்லாம் நமக்குப் பொருந்திவிடுகிறது. பஸ்ஸின் முப்பரிமாண உருவத்தைத் தையற்காரர் சட்டையைப் பிரித்துத் துணியில் வரைவதுபோல தட்டையாக விரித்து, அந்தத் தட்டையான படத்தின் மேல் நிறமும் பெயர்ப்பலகையும் சாமிப்படமும் வரைந்து மறுபடி சுற்றுகிறார்கள். போனிலேயே இதைச் செய்யும் பதினைந்து வயதுப் பிள்ளைகள் வடிவியல் படிக்கிறார்கள் என்பதை அவர்களின் பெற்றோர் அறிய வேண்டும்.

மறுபடி கருவியைத் திறப்பவர்களிடம் வருவோம். கொழும்பில் புதுக்கடை என்றால் நீதிமன்றங்களும் கறுப்புக் கோட்டுகளும்தான் வெளியூராருக்கு நினைவு. அதைச் சுற்றியுள்ள தெருக்கள் திருத்துகிறவர்களின் தெருக்கள். வாகன உதிரிப்பாகங்களுக்குப் பேர்போன பஞ்சிகாவத்தை நடந்துபோகும் தூரம்தான். 2022இல் ரூபாய் டொலருக்கு 200 என்ற அளவில் இருந்து 360 வரை விழுந்து, மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணிநேர மின்வெட்டும் வந்த நாட்களில், புதிய கொன்ட்ரோலர் வாங்குவது பல வீடுகளுக்கு நினைத்துப் பார்க்க முடியாத செலவாகியது. பழுதானதைத் திருத்தும் கை அப்போது பெறுமதியானது. மேசைக்கு அதிகம் வந்த பழுது ஒன்றுதான்: யாரும் தொடாமலே கேமில் ஆள் தானாக நடப்பது.

கொன்ட்ரோலரைத் திறந்து ஜொய்ஸ்டிக்கின் பக்கத்தில் உள்ள சிறு பச்சை மூடியைக் கழற்றி, பூதக்கண்ணாடியில் பாருங்கள். பிறை வடிவில் ஒரு கறுப்புத் தடம் தெரியும், அது கார்பன் படலம். அதன்மேல் மெல்லிய உலோக விரல் ஒன்று உரசிக்கொண்டே நகர்கிறது. விரல் எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்துத் தடை மாறும், தடையைப் பொறுத்து வோல்ட் மாறும். அந்த வோல்ட்டை 0 முதல் 255 வரையான ஓர் எண்ணாக மாற்றிக்கொண்டால், நடுநிலை 128. குச்சி தன் வாழ்நாளில் அதிக நேரம் நிற்பதும் நடுங்குவதும் நடுவில்தான். அங்கே தடம் தேய்ந்து, பள்ளம் விழுந்து, கருந்தூள் ஓரத்தில் குவிந்திருப்பது கண்ணாடியில் நன்றாகத் தெரியும். கையை எடுத்தாலும் எண் 128க்குத் திரும்பாமல் 140இல் நின்றால், யாரோ குச்சியை மெல்லத் தள்ளுகிறார்கள் என்று கேம் நம்பிவிடும். ஸ்பிரே அடித்தால் தூள் கலைந்து சில காலம் ஓடும். தேய்ந்த தடம் வளராது.

நிலையான வழி, உரசலையே ஒழிப்பது. 1879இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் எட்வின் ஹோல் என்ற ஆராய்ச்சி மாணவர் மெல்லிய தங்கத் தகட்டில் மின்னோட்டத்தைச் செலுத்தி, அதற்குச் செங்குத்தாகக் காந்தப்புலத்தை வைத்தார். தகட்டின் குறுக்கே ஒரு சிறு அழுத்த வேறுபாடு தோன்றியது. காந்தப்புலம் மின்னூட்டங்களை ஒரு பக்கமாகத் தள்ளுகிறது. அவை அங்கே குவிவதால் அந்த வேறுபாடு. இலத்திரன் கண்டறியப்படுவதற்கு 18 ஆண்டுகளுக்கு முன் நடந்த சோதனை இது. ஜொய்ஸ்டிக்கின் தண்டில் சிறு காந்தம் ஒன்றை வைத்து, எதிரே ஹோல் உணரியை வைத்தால், காந்தம் திரும்பும் அளவை உணரி தொடாமலே அறியும். தேய எதுவுமில்லை. சேகா 1998இலேயே தன் டிரீம்காஸ்ட் கொன்ட்ரோலரில் இதைப் பயன்படுத்தியது. ஆனால் கார்பன் தடம் மலிவு என்பதால் பெரிய கம்பனிகள் அதிலேயே தங்கிவிட்டன. நின்டெண்டோ ஸ்விட்ச் 2017இல் வந்தபோதும் கார்பன் தடம்தான். இத்தனை முறைப்பாடுகளுக்கும் வழக்குகளுக்கும் பிறகு 2025 ஜூனில் வந்த ஸ்விட்ச் 2இலும் அதுவேதான். இதை என்னால் நியாயப்படுத்த முடியவில்லை.

மாற்றுவது பொறுமையான வேலை. பெரிய கொன்ட்ரோலர்களில் ஒரு ஜொய்ஸ்டிக் 14 இடங்களில் ஈயம் வைத்துப் பலகையோடு இணைக்கப்பட்டிருக்கும். தொழிற்சாலையில் வைத்தது ஈயமில்லாத கலவை, அது உருக 217 பாகைக்கு மேல் வேண்டும். நம் கடைகளில் வாங்கும் 63க்கு 37 வெள்ளீய-ஈயக் கலவை 183 பாகையில் உருகும். அனுபவசாலிகள் முதலில் ஒவ்வொரு முனையிலும் இந்தப் புதிய ஈயத்தைச் சேர்த்துக் கலப்பார்கள். கலவை குறைந்த வெப்பத்தில் இளகிவிடும், பலகையின் செப்பு வளையம் கழன்றுவராது. பிறகு செப்புப் பின்னலை வைத்து உருகியதை உறிஞ்சி எடுத்து, ஹோல் ஜொய்ஸ்டிக்கைச் செருகி, நடுநிலை எண்ணைப் புதிதாகப் பதிவுசெய்ய வேண்டும். கடைசிப் படியை விட்டால், புதிய குச்சியும் பழையதைப் போலவே தானாக நடக்கும்.

தொடங்க நினைப்பவர்களுக்குச் சில எச்சரிக்கைகள். சுவர் மின்சாரம் நேரடியாக நுழையும் பலகையைப் பிளக்கைக் கழற்றிய கையோடு தொடாதீர்கள், கொள்ளளவி 325 வோல்ட்டைச் சிறிது நேரம் வைத்திருக்கும். உப்பிய லிதியம் பற்றரியைக் குத்தவோ அமத்தவோ வேண்டாம். ஈயப் புகை போக யன்னல் திறந்திருக்கட்டும், முடிந்ததும் கை கழுவுங்கள். கொன்ட்ரோலரில் வெறும் 5 வோல்ட்டுக்குள்தான் எல்லாமே நடக்கிறது, பழக அதைவிட நல்ல இடம் இல்லை.

உயர்தரப் பௌதிகவியல் கற்பிக்கும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். ஹோல் விளைவு உங்கள் பாடத்திட்டத்தில் இருக்கிறது. தடை, கொள்ளளவி, பனிபடுநிலை, ஆடலோட்டத்தின் உச்சி அழுத்தம் எல்லாமே இருக்கின்றன. வெள்ளவத்தையின் டியூஷன் வகுப்புகளில் பிள்ளைகள் இவற்றைச் சமன்பாடாக மனனம் செய்கிறார்கள். ஒரு நாள் கரும்பலகையை விட்டு, பழுதான கொன்ட்ரோலர் ஒன்றை மேசையில் வைத்து அவர்கள் முன்னால் திறந்து காட்டுங்கள். தேடி அலைய வேண்டியதில்லை, வகுப்பில் கேட்டாலே நாலைந்து வரும்.